சத்தமில்லாத வண்டிக்கு யார் கிளம்பி வருவார்கள்?

1

பெர்கனில் மழை பெய்தால் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பெய்யாவிட்டால்தான் பேச்சு. நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏற்காட்டில் பிறந்தவளுக்கு மழையும் பனிமூட்டமும் மலைச்சரிவும் புதிதா என்ன என்ற தைரியத்தில் வந்தேன். மழை ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மனிதர்கள் பழகத்தான் நாளாயிற்று.

போன நவம்பரில் ஒரு காலை, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தங்கையோடு கைபேசியில் பேசியபடி அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பேச்சு மும்முரத்தில் நடைபாதையை விட்டுப் பேருந்துத் தடத்தில் இறங்கிவிட்டேன். எவ்வளவு தூரம் அப்படிப் போனேனோ தெரியாது. ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் ஒரு பேருந்து என் நடைக்குத் தகுந்தாற்போல் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. பேட்டரியில் ஓடும் பேருந்து. மழைச் சத்தத்தில் அது வந்ததே தெரியவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. இந்த ஊரில் ஹாரன் அடிப்பது கையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். அவர் ஜன்னலைத் திறந்து சிரித்த முகத்தோடு ஏதோ சொன்னார். நான் பதறிப்போய், மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் "ரொம்ப நன்றி" என்று அவர் மொழியில் சொல்லிவிட்டு ஓரமாக ஓடினேன். இத்தனை வருடம் கழித்தும் அவசரத்துக்கு வாயில் வருவது தப்பான சொல்தான். உள்ளே இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. அந்தப் பக்கம் தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

"வண்டியத் திருப்பி எடுத்துக்கப் போறாங்களாமாக்கா. பொங்கல் வரைக்கும் பாப்பாங்களாம். அப்பவும் ஆள் ஏறலீன்னா வேற மலைக்கு அனுப்பிருவாங்களாம்."

"ஏன் ஏறலை? வண்டில ஏதாச்சும் கோளாறா?"

"வண்டில ஒண்ணுமில்ல. நான் ஓட்டறேன்ல, அதான்."

2

எஸ்தர் என் ஒரே தங்கை. ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டையில் என்னோடு பிறந்து, அதே மலையில் கொட்டச்சேட்டில் வாழ்க்கைப்பட்டவள். காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தும் களத்தில் காயவைத்தும் இருந்தவளுக்கு, எஸ்டேட் பிக்கப்பை ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. ஓட்டினாள். அப்புறம் சேலத்துக்குப் போய் லைசென்சும் வாங்கிவிட்டாள். மலையில் புகையில்லாத போக்குவரத்து பற்றி ஆராயும் ஒரு தொண்டு நிறுவனம், சோதனைக்காக ஒரு பேட்டரி வேனை அவர்கள் மகளிர் குழுவுக்குக் கொடுத்தது. கொட்டச்சேட்டிலிருந்து ஒண்டிக்கடை வரை, காலையும் மாலையும். டவுனில் கடைகள் கூடும் முக்குதான் ஒண்டிக்கடை. எஸ்தர்தான் ஓட்டுநர். முதல் நாள் எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். வண்டிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, கண்ணாடியில் சிலுவையும் தொங்கவிட்டு, எந்தச் சாமியையும் விடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே இதுதான். மக்கள் ஏன் மின்சார வண்டி வாங்குகிறார்கள், ஏன் வாங்குவதில்லை என்று கேட்டுக் கேட்டு எழுதுவதுதான் எனக்கு வேலை. "அவங்கவங்களுக்கு எது வேணுமோ வாங்கிக்கறாங்க, அதைப் போயி ஒரு ஆளு கேக்கோணுமா?" என்று எஸ்தர் ஒருமுறை கேட்டாள். என் மேலதிகாரிக்குக்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்கத் தெரியாது.

வேன் வருவதற்கு முன்னால் அந்த நிறுவனம் ஊரில் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியது. தமிழ் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று கேள்விகளை எனக்கு அனுப்பினார்கள். பார்த்துத் திருத்தினேன். மேடு ஏறும் என்று நம்புகிறீர்களா, நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று பயமா, புகை இல்லாதது பிடிக்குமா, சத்தம் இல்லாதது பிடிக்குமா, பெண் ஓட்டினால் ஏறுவீர்களா. ஊரே ஒரே குரலில் "நொம்ப நல்லதுங்க" என்றது. பெண் ஓட்டுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அத்தனை பேரும் ஏறுவதாகச் சொன்னார்கள்.

வண்டி வந்தது. யாரும் ஏறவில்லை.

சொல்வதற்கும் செய்வதற்கும் எல்லா ஊரிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அதை அளப்பதுதான் எங்கள் துறை என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

"உன்ற படிப்பெல்லாம் எனக்கு வேண்டாங்க்கா. எதுத்தாப்ல பாத்தா சிரிக்கறாங்க. வண்டி போனா ஒருத்தரும் கையக் காட்டறதில்ல. நான் என்ன பண்ணுனேன் அவிகளுக்கு?"

அவள் அழுதது வண்டிக்காக மட்டும் இல்லை. இத்தனை வருடம் கூட வேலை செய்த பெண்கள், தான் ஒரு படி ஏறியதும் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று அவள் நம்பினாள். கடல் கடந்து உட்கார்ந்திருந்த எனக்கும் அது வலித்தது.

3

பெர்கனில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள வாகன நிறுத்தத்துக்கு சார்ஜர் வைக்க வேண்டும். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு குறிப்பு, குறிப்புக்கு ஒரு ஒப்புதல். கடைசியில் மேல்வீட்டுக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். குடிவந்த நாளிலிருந்து அவர் வீட்டு மணியை நான் அடித்ததே இல்லை. அடித்தேன். கதவைத் திறந்தவர் முகம் வெளிறிப்போய், "தண்ணீர் கசிகிறதா?" என்று கேட்டார். தண்ணீர் கசியாமல் ஒருவர் இன்னொருவர் வீட்டுக்கு வர வேறு காரணம் அவருக்குத் தோன்றவில்லை.

என் மகள் ரூத்துக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும். பதில் நார்வே மொழியில்தான் வரும். அவளுடைய அப்பாவுக்குக் கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலில். ஆக, வீட்டில் நானும் அவளும்தான். இங்குள்ள கதவுகள் தானாக மெல்ல வந்து சாத்திக்கொள்ளும். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு நடப்பாள். அவள் வீட்டில் இருக்கிறாளா, பள்ளிக்குப் போய்விட்டாளா என்பதை வாசலில் ஷூ இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். சண்டை கிடையாது, கோபம் கிடையாது. சத்தமே இல்லாமல் என் பக்கத்திலிருந்து போய்க்கொண்டிருந்தாள். அது எனக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்றதும், "அங்கே நான் என்ன செய்வது?" என்றாள். நியாயமான கேள்வி. சித்தி வண்டியில் சுற்றலாம் என்றேன். தோளைக் குலுக்கினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டேன்.

4

ஊரில் இறங்கியதும், வண்டியில் ஏன் ஆள் ஏறவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது. ஒண்டிக்கடை டீக்கடைக்காரர், "பொம்பள ஓட்டறாங்கன்னா கொஞ்சம் யோசிப்பாங்கதானுங்க" என்றார். தொண்டு நிறுவனத்து இளைஞர், "விழிப்புணர்வு பத்தலைங்க மேடம்" என்றார். வளைவில் இறங்கும்போது பேட்டரி வண்டி நிற்குமா என்ற பயம்தான் காரணம் என்று நான் நினைத்தேன். எனக்கு அதைச் சொல்ல நல்ல நல்ல கலைச்சொற்கள்கூடத் தெரியும்.

முதல் நாள் வண்டியில் போய்ப் பார்த்தோம். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வண்டி வழுக்கிக்கொண்டு போனது. குருவிச் சத்தம் உள்ளே கேட்டது. ரூத் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டாள். ஆனால் எஸ்தரைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகள் இருக்கும் இடம் வந்தால் அவள் பக்கவாட்டில் திரும்பவே இல்லை. விறைப்பாக ரோட்டைப் பார்த்தபடி கடந்தாள்.

"கொஞ்சம் நின்னு பாக்கலாமே?" என்றேன்.

"நின்னு நின்னு பாத்தாச்சுக்கா. பிச்சை கேக்கற மாதிரி இருக்குது."

மூன்றாம் நாள் காலை நான் மட்டும் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. கீழ் வளைவுக்கு அப்பால் மகளிர் குழுக் கட்டடத்தில் சார்ஜில் போட்டிருந்த வண்டியை எடுக்க எஸ்தர் முன்னாலேயே போய்விட்டாள். நாங்கள் தங்கியிருந்த அவள் வீடு ரோட்டுக்குக் கீழே, காப்பிச் செடிகளுக்கு நடுவில். ஒற்றையடிப் பாதையில் ஏறித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். "வரும்போது ஏறிக்கோ" என்று சொல்லியிருந்தாள். வெளியே ஒரே பனிமூட்டம். பக்கத்து வீட்டு ராசம்மாக்காவின் வாசல்கூடப் பாதிதான் தெரிந்தது. நான் புடவை கட்டி, பையை எடுத்து வைத்துக்கொண்டு, சமையலறையில் இரண்டாவது டம்ளர் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

கைபேசி அடித்தது. எஸ்தர்.

"எங்கக்கா இருக்கற? நான் ஒண்டிக்கடைக்கே வந்துட்டேன்."

"நீ இன்னும் வரலையேன்னுல்ல உக்காந்திருக்கேன்!"

"நீயுமாக்கா?" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வாசலில் ராசம்மாக்கா, ஒண்டிக்கடை லாட்ஜில் சமையல் வேலை செய்பவர், கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையை விரித்துப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். கூடைக்குள் குடையும் செருப்பும்கூடத் தயார்.

"எஸ்தர் வண்டி போயிருச்சுக்கா" என்றேன்.

"போயிருச்சா?" என்றார். முகம் வாடியது. "பாத்தியா ரெஜினா கண்ணு. தெனமும் இப்படித்தான். உன்ற தங்கச்சி நம்ம ஊட்டுக்கு முன்னால நிக்கறதே இல்ல. வண்டி கெடச்சதும் மாறிட்டாளேன்னு எனக்கு நொம்ப வருத்தம். சொன்னா அவ மனசு நோகுமேன்னு வாயத் தொறக்கல."

அப்போது கீழ் வளைவிலிருந்து ஒரு உறுமல் எழுந்தது. ஆள் ஏற்றி டவுனுக்கு ஓடும் முருகேசனின் ஷேர் ஜீப். உறுமல் ஒரு நொடி விக்கி, கியர் மாறி, மறுபடி ஏறியது. ராசம்மாக்கா எழுந்தார். தலையை முடிந்தார். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, கூடையைத் தூக்கிக்கொண்டு அவசரமே இல்லாமல் பாதையில் ஏறினார். அவர் ரோட்டில் கால் வைப்பதற்கும் ஜீப் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அவருக்குப் பின்னாலேயே கீழ்வரிசை வீடுகளிலிருந்தும் நான்கைந்து பேர் ஏறிப் போனார்கள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நானும் ஒரு சத்தத்துக்காகத்தானே உட்கார்ந்திருந்தேன்!

5

மஞ்சக்குட்டையில் எங்கள் சிறுவயதிலும் அப்படித்தான். ஜீப்புக்கு நேரம் கிடையாது, நிறுத்தம் கிடையாது. ரோட்டோரம் போய் நிற்பது என்ற பழக்கமும் கிடையாது. பனியிலும் மழையிலும் யார் நிற்பது? அதுவும் காட்டெருமை நிற்கிற இடத்தில்? வீட்டுக்குள் வேலை பார்த்துக்கொண்டே காதை மட்டும் ரோட்டில் விட்டுவைப்போம். கீழ் வளைவில் சத்தம் கேட்டால் சோற்றை இறக்கி வைக்கலாம். நடு வளைவில் கேட்டால் கதவைப் பூட்ட வேண்டும். எது யாருடைய ஜீப் என்று தெரியும். மேட்டில் ஜீப் முக்குவதை வைத்து உள்ளே இடம் இருக்கிறதா என்றுகூட அம்மா சொல்லிவிடுவார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால்தான் அப்படி ஒரு பழக்கம் இருப்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கணிப்பில் கேள்வியாக வைக்கவும் இல்லை. சத்தம் இல்லாதது பிடிக்குமா என்றோம். பிடிக்கும் என்றார்கள். அதில் பொய்யே இல்லை.

எஸ்தரும் வாழ்நாளெல்லாம் அப்படி ஜீப் பிடித்தவள்தான். ஆனால் ஓட்டுகிறவளுக்குத் தான் வருவது தனக்குத் தெரியும் அல்லவா? மற்றவர்களுக்குத் தெரியாது என்று எப்படித் தோன்றும்?

அன்று சாயங்காலம் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். முதலில் சிரித்தாள். "அட, ஆமாங்க்கா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்புறம், ராசம்மாக்கா தன்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருந்ததைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"நானு நிக்காம போறனாமா? அவிக ஏற மாட்டேங்கறாங்கன்னு நான் அழுதுட்டிருக்கறேன்!"

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தது. ஹாரன் அடித்துப் பார்த்தாள். வளைவுக்கு வளைவு எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கும் மலையில் யார் அதைக் கேட்டு எழுந்திருப்பார்கள்? பாட்டுப் போடலாம் என்று நான் சொன்னேன். போட்டோம். குப்பை வண்டி என்று நினைத்து ஒரு பெண்மணி குப்பை வாளியோடு ஓடி வந்தார். ரூத்துக்கு இதில் திடீரென்று ஆர்வம் வந்துவிட்டது. முருகேசன் ஜீப்பின் சத்தத்தைக் கைபேசியில் பிடித்து, சின்ன ஸ்பீக்கரை வண்டிக்கு வெளியே கட்டி ஒலிக்கவிட்டாள். ஆட்கள் வந்தார்கள். வந்து, வேனைப் பார்த்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"ஏறுங்க" என்றாள் எஸ்தர்.

"நீ போ சாமி. பின்னால ஜீப்பு வருதில்ல."

ரூத் சிரித்த சிரிப்பில் இருக்கையிலிருந்து நழுவிவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகிறது.

அடுத்த நாளும் பனிமூட்டம். ராசம்மாக்காவின் வீட்டுக்கு மேலே வண்டி வந்தது. ஆள் இல்லை. எஸ்தர் பிரேக்கை மிதித்தாள். எத்தனையோ நாள் அடக்கிவைத்திருந்த கோபமும் துக்கமும் சேர்ந்து வந்ததென்று நினைக்கிறேன். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ராசம்மாக்காவ்! நான் எஸ்தரு வந்திருக்கறேன்! நிக்காம போறேன்னு சொன்னீங்களாமே, இந்தா நிக்கறேன், வாங்க!"

பனிக்குள்ளிருந்து ராசம்மாக்காவின் குரல் ஏறி வந்தது.

"இருடீ! தலைய முடிஞ்சுக்கிட்டு வரேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜீப்பில் உட்கார்ந்து இப்படிக் கூப்பிட முடியாது. எஞ்சின் சத்தத்தில் ஓட்டுநரின் குரல் ஜன்னலைத் தாண்டாது. இந்த வண்டியில் எஸ்தரின் குரலை அமுக்க எதுவுமே இல்லை. கீழ்வரிசை வரை போனது. ராசம்மாக்கா மூச்சு வாங்க ஏறி வந்து, உட்கார்ந்து, எஸ்தரின் முதுகில் ஒரு அடி வைத்தார். செல்ல அடிதான். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். அடுத்த வளைவில் மறுபடி கண்ணாடியை இறக்கினாள்.

"செல்வி! பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோணும்னியே, வரியா?"

நாங்கள் கிளம்பும் வரை ரூத் தினமும் காலையில் அந்த வண்டியில் போனாள். எந்த வளைவில் யார் வீடு என்பது அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஒருநாள் அவளும் தலையை நீட்டிக் கூப்பிட்டாளாம். அவள் உச்சரிப்பைக் கேட்க இரண்டு வீட்டில் வேலையில்லாதவர்களும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று எஸ்தர் சொன்னாள்.

6

நார்வேயில் ஒரு விதி இருக்கிறது. மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் எழுப்ப வேண்டும். நடப்பவர்கள் கேட்டு ஒதுங்குவதற்காக. அந்த ரீங்காரம் எப்படி இருக்கலாம் என்பது பற்றி எங்கள் அலுவலகத்தில் நாள் கணக்கில் பேசியிருக்கிறோம். அத்தனையும் ஆட்களை விலக வைக்கும் சத்தத்தைப் பற்றிய பேச்சு. ஆட்களை வரவழைக்கும் சத்தம் ஒன்று உண்டு என்று திரும்பி வந்ததும் சொன்னேன். பக்கத்து மேசை இங்ரிட் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "ஆனால் இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காவல்துறையைத்தான் கூப்பிடுவார்கள்" என்றாள். அதுவும் உண்மைதான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் நிறுவனத்து ஆட்கள் வண்டியில் ஏறிப் பார்க்க வந்தார்கள். எஸ்தர் கைபேசியை முன்னால் வைத்துவிட்டு அழைப்பைத் துண்டிக்காமல் விட்டிருந்தாள். "நீ கேட்டுட்டிரு, எனக்கு தைரியமா இருக்கும்" என்றாள். இங்கே விடிந்திருக்கவில்லை. சமையலறை மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. ராசம்மாக்காவ். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு தூரத்தில் ஒரு குரல், என்ன சொன்னதென்று எனக்குப் புரியவில்லை. ஆனால் வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். வளைவுக்கு வளைவு ஒரு பெயர், ஒரு பதில். ஒண்டிக்கடை வருவதற்குள் எஸ்தர், "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, ஏனுங்க சார், நீங்களுந்தானுங்க" என்று அதிகாரிகளையும் நகர வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தால் ரூத் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"சித்திகிட்டயே வண்டி இருக்குமா?" என்று கேட்டாள். தமிழில்.

"இருக்கும்" என்றேன். அது நான் அடித்துச் சொன்னது. பொங்கலன்று எஸ்தரே சொன்னாள், வண்டியை எடுக்கவில்லை, அவளிடமே இருக்கிறது என்று.

அந்த வார இறுதிக்குப் பிறகு ஒரு காலை. குளியலறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் வீடு அமைதியாக இருந்தது. வெளியில் மழை. கதவு திறந்த உணர்வு மட்டும் இருந்தது, அது மூடிக்கொள்வதற்காகக் காத்திருந்தேன்.

"ரெஜினாக்காவ்!" என்று மாடிப்படியிலிருந்து ஒரு குரல் கத்தியது. சித்தியின் அதே ராகம், உச்சரிப்பு மட்டும் இந்த ஊருடையது. "நான் போறேன்! வரீங்களா?"

மேல்வீட்டுக் கதவு திறந்தது. தண்ணீர் கசிகிறதோ என்று பார்க்க வந்திருப்பார். வரட்டும்.

"இருடீ!" என்று நானும் கத்தினேன். ஈரத் தலையை முடிந்துகொண்டே படிக்கு ஓடினேன்.